வெட்டாமலே புரதத்தைக் கண்டவர்

திருவாதவூர், மேலூர் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் கையில் எட்டுப் பக்கச் சிறுநூல் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை, ‘வாதவூர் அன்பர்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. நாய்களுக்கு வாயில் வரும் புற்றுநோய் பற்றியது. பெயர் போடாததில் எனக்கு வருத்தமில்லை. எழுதியது யார் என்று ஊருக்கே தெரியும். நாய்ப் பிரியர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் நல்ல மனசோடு கொடுத்தாலும் விஷம் விஷம்தான்.

அவர் சொல்வதை முதலில் அப்படியே வைத்துவிடுகிறேன். திரித்துச் சொன்னேன் என்ற பேச்சு பிறகு வரக்கூடாது. நாயின் வாய்ப்புற்றுக்கு வேர் ‘காக்ஸ்-2’ என்ற புரதம். அந்தப் புரதத்தை அடக்கினால் கட்டி தானே வற்றிவிடும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் மூட்டுவலி மாத்திரை கொடுத்தே இதை நிரூபித்துவிட்டது. ஆகவே கத்தி வைக்கக் கூடாது. துளி சதையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினால்கூட நோய் உடம்பெல்லாம் பரவிவிடும். மாத்திரை பிடிக்காதவர்கள் மஞ்சளைச் சோற்றில் பிசைந்து போடலாம், அதுவும் அதே புரதத்தைத்தான் அடக்குகிறது. கடைசிப் பக்கத்தில் ஓர் ஆறுதல்: நாட்டு நாய்க்கு இந்த நோயே வராது, எல்லாம் சீமை நாய்களின் வியாதி.

மேலூர் வட்டாரத்தில் கால்நடை மருத்துவம் பார்த்தவன் என்ற முறையில் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அன்பரிடம் ஒரே ஒரு கேள்வி. ஒரு நாயின் கட்டியில் காக்ஸ்-2 இருக்கிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. முகர்ந்தால் தெரியாது. எக்ஸ்ரேயிலும் தெரியாது. கட்டியிலிருந்து சிறிது சதையை வெட்டி எடுக்க வேண்டும். அதைப் பார்மலினில் ஊறப்போட்டு, பாரஃபின் மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்ட வேண்டும். பிறகு காக்ஸ்-2வை மட்டும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் ஊற்றி, சாயம் ஏற்ற வேண்டும். புரதம் இருக்கும் செல்கள் பழுப்பேறும், இல்லாதவை நீலமாகவே நிற்கும். நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, நூற்றுக்கு எத்தனை செல்கள் பழுத்திருக்கின்றன, இலேசான பழுப்பா கெட்டிப் பழுப்பா என்று எண்ணி மதிப்பெண் போடுவார். நாயின் வாய்க்கட்டியில் இந்தப் புரதம் இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்ததே இப்படி வெட்டி எடுத்த சதையிலிருந்துதான். மூன்றாம் பக்கத்தில் சதையை வெட்டாதே என்கிறார். முதல் பக்கத்தில் வெட்டிய சதையில் கண்டதை வைத்துக்கொண்டு வைத்தியம் சொல்கிறார். எந்தப் பக்கத்தை நம்புவது என்று அவரே முடிவுசெய்து சொல்லட்டும்.

காக்ஸ்-2 வில்லனா என்றால், அதுவும் அவ்வளவு நேரான கதை இல்லை. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியின் இரண்டாவது வடிவம் அது. செல்லின் சவ்விலிருக்கும் கொழுப்பு அமிலத்தை எடுத்து ப்ரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளாக மாற்றித் தருவது அதன் வேலை. ஆஸ்பிரின் இந்த வேலையைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கிறது என்று 1971இல் ஜான் வேன் கண்டுபிடித்தார். அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். காக்ஸ் ஒன்றல்ல, இரண்டு என்பது 1990களின் தொடக்கத்தில்தான் தெளிவானது. முதலாவது, வயிற்றின் உட்சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காவல் காப்பது. இரண்டாவது, அடிபட்ட இடத்திலும் புண்ணிலும் கூடுதலாகச் சுரப்பது. பல் காறை ஏறி ஈறு வீங்கிய கிழட்டு நாயின் வாயில், புற்று இல்லாமலே, காக்ஸ்-2 இருக்கும். ஆரோக்கியமான நாயின் சிறுநீரகத்திலும் அது எப்போதும் இருக்கிறது, அங்கே அதற்கு வேலையும் இருக்கிறது.

புற்றுக்கட்டிகள் இந்தப் புரதத்தைத் தம் லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்பது உண்மை. அது தரும் ப்ரோஸ்டாகிளாண்டின் புது ரத்தக்குழாய்கள் முளைக்க உதவும், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் காக்கும், உடம்பின் எதிர்ப்புப் படையை மந்தமாக்கும். நாய்களின் வாய்ப்புற்றில் காக்ஸ்-2 இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் மறுப்பது அதையல்ல. கட்டியில் இருக்கிறது என்பதாலேயே அதுதான் வேர் என்று துள்ளுவதை மறுக்கிறேன். திருடு போன வீட்டில் குரைத்துக்கொண்டிருந்த நாயைப் பிடித்து, நீதான் திருடன் என்று கட்டிப்போடும் நியாயம் இது. மரபணுக்களில் ஏற்பட்ட பழுது, p53 போன்ற காவல் புரதங்கள் வேலை செய்யாமல் போவது, வளர்ச்சிக் கட்டளைகள் நிற்காமல் ஓடுவது என்று பத்து இடத்தில் கோளாறான பிறகுதான் ஒரு கட்டி கட்டியாகிறது. அதில் ஒரு கூலியாளைத் தலைவனாக்கி மாலை போடுகிறார் நம் அன்பர்.

அந்த அமெரிக்க ஆய்வுக்கு வருவோம். அவர் ஊர் பெயர் சொல்லவில்லை, ஆண்டு சொல்லவில்லை, எத்தனை நாய்கள் என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பர்டூ பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2001இல் வெளியிட்டது. மாத்திரையின் பெயர் பைராக்சிகாம். நோய், வாயில் வரும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. மொத்தம் 17 நாய்கள். அவற்றில் கட்டி முழுசாக மறைந்தது ஒரே ஒரு நாய்க்கு. இரண்டு நாய்களுக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. ஐந்து நாய்களுக்கு வளராமல் நின்றது. மீதி ஒன்பது? அந்த ஒன்பதைத்தான் நம் அன்பர் தன் எட்டுப் பக்கத்தில் எங்கோ தொலைத்துவிட்டார். 17இல் ஒன்று குணமானதை ‘நிரூபித்துவிட்டது’ என்று எழுதும் துணிச்சல் அந்த ஆய்வை எழுதியவர்களுக்கே கிடையாது. இந்த மாத்திரைக்கும் கொஞ்சம் பலன் இருக்கிறது, மேலும் ஆராயலாம் என்ற அளவில்தான் அந்த எண்கள் பேசுகின்றன.

இப்போது கத்தியின் கணக்கைப் பார்ப்போம். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், வாய்க்கட்டிக்காகக் கீழ்த்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த 142 நாய்களின் கணக்கு இருக்கிறது. அதே ஸ்குவாமஸ் செல் கார்சினோமா வந்த நாய்களில் நூற்றுக்கு 91 ஒரு வருடத்துக்குப் பிறகும் உயிரோடிருந்தன. நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெட்ட முடிகிற இடத்தில் கட்டி இருந்த நாய்கள் அவை; நாக்கிலோ தொண்டைக்குள்ளோ வந்த கட்டியும் இதுவும் ஒன்றல்ல. ஆகவே இரண்டு ஆய்வையும் நேருக்கு நேர் நிறுத்திப் போட்டி வைக்கக் கூடாது. ஆனால் வெட்ட முடிகிற இடத்தில் இருக்கும் கட்டியையும் வெட்டாதே என்கிறாரே, அந்த நாய்க்கு அவர் மறுப்பது என்ன என்பதை இந்த 91 சொல்லும்.

தாடையை வெட்டினால் நாய் எப்படிச் சாப்பிடும் என்று அவர் உருகுகிறார். கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஒரு பக்கத் தாடையில் பாதி போன நாய்கள் பெரும்பாலும் சில நாட்களிலேயே மெத்தென்ற சோற்றைத் தாமாகச் சாப்பிட ஆரம்பித்துவிடுகின்றன. நாக்கு கொஞ்சம் ஒரு பக்கமாகத் தொங்கும், எச்சில் வடியும். முகம் கோணியதைப் பற்றி நாய்க்குக் கவலையில்லை, கண்ணாடி பார்ப்பவர்கள் நாம்தான். அழுகிய கட்டியோடு, எலும்பை அரிக்கும் வலியோடு, தட்டில் வைத்த சோற்றை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிற நாயைப் பார்த்தவர்கள் இந்த உருக்கத்தை எழுதமாட்டார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நாயின் வாயில் வரும் புற்றுகளில் அதிகம் வருவது ஸ்குவாமஸ் வகையே அல்ல, மெலனோமா. மனுசனுக்குப் புகையிலையாலும் பாக்காலும் வருகிற வாய்ப்புற்று பெரும்பாலும் ஸ்குவாமஸ். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு நாயின் வாயையும் பார்த்தால் இப்படித்தான் ஏமாற வேண்டும். மெலனோமாவுக்குக் குணமே வேறு. அது சீக்கிரம் தாடைக்கடியில் நெறி கட்டவைக்கும், நுரையீரலுக்கு ஏறும். கருப்பாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. சுமார் மூன்றில் ஒரு பங்கு நிறமே இல்லாமல், ஈறின் சதை போலவே இளஞ்சிவப்பாக இருக்கும். கண்ணால் பார்த்து வகை சொல்ல முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். நெறி கட்டவில்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. மெலனோமா வந்த 100 நாய்களின் கணக்கை 2003இல் வெளியிட்டார்கள். தொட்டுப் பார்த்தால் சாதாரண அளவில் இருந்த நெறிகளிலும் நூற்றுக்கு 40இல் புற்று ஏறியிருந்தது. அதுவும் ஊசியிலோ கத்தியிலோ எடுத்துப் பார்த்ததால் தெரிந்ததுதான்.

மெலனோமாவில் எல்லாமே அளவுதான், அளவு என்றால் காலம்தான். கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது அறுவைசிகிச்சை செய்த நாய்களில் பாதி, ஏறத்தாழ ஒன்றரை வருடமோ அதற்கு மேலோ இருந்ததாக ஒரு பழைய ஆய்வு சொல்கிறது. 2 சென்டிமீட்டரைத் தாண்டியபின் செய்தால் அது ஐந்தரை மாதமாக இறங்கிவிடுகிறது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் சுமார் இரண்டு மாதம். அன்பரின் ஆலோசனை என்ன? மாத்திரையை மூன்று மாதம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வற்றவில்லை என்றால் மஞ்சளின் அளவைக் கூட்ட வேண்டும். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் எங்கே போயிருக்கும் என்று அவர் அளந்து பார்த்திருக்கிறாரா?

கத்தி பட்டால் பரவும் என்ற பயம் ஊருக்குள் பழசு. எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும். நாய் சாப்பிடுவதை நிறுத்தி, வாயிலிருந்து ரத்தம் வடிந்து, முகம் வீங்கி, கிட்ட வந்தாலே நாற்றம் தாங்காத நிலையில் கொண்டுவருவார்கள். “நேத்துத்தாண்ணே பாத்தோம், வாய்க்குள்ள என்னமோ பூத்த மாதிரி இருக்கு” என்பார்கள். அந்தக் கட்டி நேற்றுப் பூத்ததல்ல. அப்போது பெரும்பாலும் நுரையீரலிலும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். சதையை எடுத்து அனுப்பிய பிறகு நாய் செத்தால், கத்தி பட்டதால் செத்தது என்று பேர் ஆகிவிடும். முறையான மருத்துவர் வாய்க்குள்ளிருந்துதான் சதை எடுப்பார், கன்னத்துத் தோலைக் கிழித்து எடுக்கமாட்டார். எடுத்த தடமும் பிறகு அறுவையில் கட்டியோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

மாத்திரை கெடுதல் செய்யாதே, கொடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாய்க்குப் பைராக்சிகாம் கொடுப்பதென்றால் எடையில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், நாளைக்கு ஒரு வேளை. பத்துக் கிலோ நாய்க்கு 3 மில்லிகிராம். மெடிக்கல் கடையில் மனுசனுக்கு விற்பது 20 மில்லிகிராம். ‘ஒன்றைக் கொடுங்கள்’ என்று எழுதிவிட்டார் அன்பர்; நாயின் எடையைக் கேட்கவில்லை. அந்தப் பத்துக் கிலோ நாய்க்கு இது ஏழு மடங்குக்கு ஒட்டிய அளவு. அதோடு நாயின் உடம்பில் பைராக்சிகாம் லேசில் கரைவதில்லை, இன்று போட்டதில் பாதிக்கு மேல் நாளைக்கும் ரத்தத்தில் நிற்கும். அதன் மேலே அடுத்தது. இந்த மாத்திரை காக்ஸ்-2வை மட்டும் பார்த்து அடக்குவதில்லை, காவல் காக்கும் காக்ஸ்-1ஐயும் சேர்த்தே அமுக்குகிறது. வயிறு புண்ணாகி, மலம் தார் போல் கறுத்துப் போகும். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்துக் கிடக்கும் நாயின் சிறுநீரகம் அதையும் தாங்க வேண்டும்.

வாதவூர் அன்பர் என்று பேர் வைத்துக்கொண்டவருக்கு வாதவூரார் கதை தெரியாமல் இருக்காது. பாண்டியனின் குதிரை லாயத்துக்கு வந்த பரிகள் ராத்திரியில் நரிகளாகித் திரும்பின. போகிற போக்கில் லாயத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டுப் போயின. புற்றை அடக்க வந்த மாத்திரை நல்ல சிறுநீரகத்தைக் கடிப்பதும் அந்த வகைதான். அங்கேயாவது இறைவன் திருவிளையாடல் என்றார்கள்.

மனுச வைத்தியத்திலும் இந்தப் புரதம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. காக்ஸ்-2வை மட்டும் குறிபார்த்து அடக்குவதற்கென்றே செய்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பைக் கூட்டுகிறது என்று தெரிந்து 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. நாய்க்கும் மனுசனுக்கும் இதில் எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு புரதத்தை அடக்கினால் உடம்பு சும்மா இருக்கும் என்ற நினைப்பு பெரிய கம்பெனியையே தடுமாற வைத்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மஞ்சள் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின், கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த செல்களில் காக்ஸ்-2வைக் குறைப்பது உண்மை. வயிற்றுக்குள் போன குர்குமினில் மிகச் சொற்பமே ரத்தத்துக்கு ஏறுகிறது என்பதும் உண்மை. கிண்ணத்தில் நடந்தது தாடையில் நடக்க அது முதலில் தாடைக்குப் போய்ச் சேர வேண்டும். மஞ்சள் காப்புரிமை வழக்கில் அமெரிக்காவை நாம் வென்றதையும் அன்பர் இழுக்கிறார். அந்தக் காப்புரிமை புண் ஆற்றுவதைப் பற்றியது. 1997இல் அது ரத்தானது, மஞ்சள் புண்ணாற்றும் என்பது நமக்குத் தொன்றுதொட்டே தெரியும் என்பதால். புற்றுநோய்க்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே கிடையாது.

நாட்டு நாய்க்கு வராது என்பதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்த வரி. சிப்பிப்பாறையோ கன்னியோ கோம்பையோ ராஜபாளையமோ, எந்த நாய்க்கும் வாயில் செல் இருக்கிறது, செல்லில் மரபணு இருக்கிறது, வயசாகிறது. வாய் மெலனோமா பெரும்பாலும் பத்து வயசைத் தாண்டிய நாய்களின் நோய். நம் தெரு நாய்களும் காவல் நாய்களும் அந்த வயசுக்கு வருவதற்குள் லாரியில் அடிபட்டோ, வெறிநோயிலோ, டிஸ்டெம்பரிலோ போய்விடுகின்றன. வந்தவையும் கண்மாய்க்கரையில் புதைக்கப்படுகின்றன, எதனால் என்று யாரும் பார்ப்பதில்லை. எண்ணாததை இல்லை என்கிறார். அதை நம்பும் ஒருவர், தன் கோம்பையின் கடைவாயில் பட்டாணி அளவுக் கட்டியைப் பார்த்துவிட்டு, நமக்குத்தான் வராதே என்று வாயை மூடிவிடுவார். அதற்கு யார் பொறுப்பு?

புரத ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. மெலனோமா செல்களில் டைரோசினேஸ் என்ற புரதம் இருக்கிறது, நிறமியைச் செய்வது அதுதான். மனித டைரோசினேஸின் மரபணுவை நாய்க்குச் செலுத்தினால், நாயின் உடம்பு அதை அந்நியம் என்று பிடித்து, அதே சாயலில் இருக்கும் தன் கட்டியையும் தாக்கும் என்பது யோசனை. நியூயார்க்கில் உருவான இந்தத் தடுப்பூசிக்கு அமெரிக்க வேளாண் துறை 2007இல் நிபந்தனையோடும், 2010இல் முழுமையாகவும் அனுமதி கொடுத்தது. அதைக்கூடக் கட்டியை அறுவையாலோ கதிர்வீச்சாலோ அடக்கிய பிறகுதான் போடச் சொல்கிறார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சில, அதனால் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டன. இத்தனை வருட உழைப்புக்குப் பிறகும் அவர்கள் ‘நிரூபித்துவிட்டோம்’ என்று எட்டுப் பக்கம் அச்சடித்து ஊருக்குள் விடவில்லை.

அன்பர் சொல்வதில் ஒன்றே ஒன்று சரி: செலவு. மதுரையிலிருந்து சென்னை வேப்பேரிக்கு நாயைக் கொண்டுபோய்த் தாடை அறுவை செய்வது கூலி வேலைக்காரருக்கு லேசான காரியமல்ல. பணமில்லாமல் வெட்டாமல் விடுபவரை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வெட்ட முடியாத கட்டிக்கு, வலி தெரியாமல் மீதி நாளை ஓட்ட, மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரும் மெலாக்சிகாமோ பைராக்சிகாமோ நியாயமான மருந்துதான். சில நேரம் கட்டியும் கொஞ்சம் அடங்கும். அதை ‘வலிக்கு’ என்று சொல்லிக் கொடுங்கள். குணமாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தால் ஏழையின் கையில் இருக்கும் காசும் போகும், நாளும் போகும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு: மாதம் ஒரு தடவை உதட்டைத் தூக்கிக் கடைவாய்ப் பல் வரை பாருங்கள், நாக்கின் அடியிலும் அண்ணத்திலும் பாருங்கள். வாய் நாற்றம் திடீரென்று கூடினாலோ, எச்சிலில் ரத்தம் கலந்தாலோ, ஆடாத வயசில் ஒரு பல் மட்டும் ஆடினாலோ, அந்த வாரமே மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோக முடியாவிட்டால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். கட்டியை அறுத்து எடுத்தால், ‘எடுத்தாச்சு’ என்று குப்பையில் போட விடாதீர்கள். பத்து சதவீதப் பார்மலினில் போட்டு, நாயின் வயசும் கட்டி இருந்த இடமும் எழுதி, கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீரபாண்டி, திருநெல்வேலி, நாமக்கல், வேப்பேரி எல்லாவற்றிலும் கல்லூரி இருக்கிறது. என்ன கட்டி என்ற முடிவு கையில் வரும்வரை எந்தப் புரதத்தின் பெயரைச் சொல்லி யார் மாத்திரை நீட்டினாலும் வாங்காதீர்கள்.